பயாஸுக்கும் ஜிபிடிக்கும் என்ன பகை?

கணினி சர்வீஸ் கடைகளிலும் யூடியூப் பாடங்களிலும் கல்லூரி ஆய்வகங்களிலும் ஒரு வாய்பாடு புழங்குகிறது. "பழைய பயாஸ் மிஷினா, எம்பிஆர் போடு. புது யூஇஎஃப்ஐ மிஷினா, ஜிபிடி போடு. ஒண்ணுக்குப் போட்டது இன்னொண்ணுல ஓடாது." பயாஸும் யூஇஎஃப்ஐயும் கணினியை எழுப்பும் இரண்டு வகை ஃபர்ம்வேர்; எம்பிஆரும் ஜிபிடியும் டிஸ்க்கின் பார்ட்டிஷன்களைக் குறித்துவைக்கும் இரண்டு வகை அட்டவணை. பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றிய எஸ்எஸ்டி புதியதில் பூட் ஆகவில்லை என்று போய் நின்றால், வாய்பாட்டின் அடுத்த வரியும் தயாராக இருக்கிறது: "ஃபார்மேட் அடிச்சு, புதுசா ஓஎஸ் போட்டாத்தான் சரியாகும்."

இந்த வாய்பாடு தவறு. விண்டோஸுக்கு அது ஓரளவு பொருந்தும். டிஸ்க்குக்குப் பொருந்தவே பொருந்தாது. ஒரே டிஸ்க், அதில் ஒரே ஒரு லினக்ஸ். அதை 2009-இல் வந்த டெல் ஆப்டிபிளெக்ஸ் 780-இலும் செருகலாம், இந்த வருடம் வாங்கிய மடிக்கணினியிலும் செருகலாம். இரண்டிலும் பூட் ஆகும். எதையும் அழிக்க வேண்டாம், எதையும் மாற்ற வேண்டாம். இதற்கு வித்தை எதுவும் தேவையில்லை, டிஸ்க்கை முதல் நாளிலேயே சரியாகப் பிரித்திருந்தால் போதும். அப்படிப் பிரிக்க ஆகும் செலவு ஒரு மெபிபைட்டுக்கும் கொஞ்சம் குறைவு. அதோடு, எப்படியும் ஒதுக்கத்தான் போகிற ஒரு சின்ன பார்ட்டிஷன்.

வாய்பாட்டை நம்புகிறவர்கள் முதலில் நீட்டும் வாதம் இது: பயாஸுக்கு ஜிபிடி புரியாது. புரியாதுதான். ஆனால் எம்பிஆர் பார்ட்டிஷன் அட்டவணையும் பயாஸுக்குப் புரியாது என்பதை இவர்களில் ஒருவர்கூடச் சொல்வதில்லை. ஹார்டு டிஸ்க்கிலிருந்து பூட் ஆகும்போது பயாஸ் செய்கிற வேலை மிகச் சிறியது. டிஸ்க்கின் முதல் செக்டாரை, அதாவது 512 பைட்டை, நினைவகத்தில் 7சி00 என்ற முகவரியில் ஏற்றும். கடைசி இரண்டு பைட்டில் 55, ஏஏ என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அந்த முகவரிக்குத் தாவி, கட்டுப்பாட்டை அங்கிருக்கும் நிரலிடம் ஒப்படைத்துவிடும். அவ்வளவுதான். டிஸ்க்கில் எத்தனை பார்ட்டிஷன் இருக்கிறது, எது எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் அதன் கவலை இல்லை.

அந்த 512 பைட்டின் கணக்கையும் பார்த்துவிடலாம். முதல் 446 பைட்டு நிரலுக்கு. அடுத்த 64 பைட்டு, தலா 16 பைட்டாக நான்கு பார்ட்டிஷன்களின் விவரம். மீதி இரண்டு பைட்டு முத்திரை. 1983-இல் பிசி டாஸ் 2.0-வுடன் இந்த அட்டவணை வந்தபோது அதைப் படித்தது பயாஸ் இல்லை. 446 பைட்டுக்குள் உட்கார்ந்திருந்த நிரல்தான் படித்தது. அந்த நிரலை மாற்றினால் படிக்கும் அட்டவணையும் மாறும். ஜிபிடி டிஸ்க்கின் முதல் செக்டாரிலும் அதே 446 பைட்டு இடம் காலியாகத்தான் இருக்கிறது. அங்கே ஜிபிடி தெரிந்த ஒரு பூட்லோடரின் முதல் துண்டை வைத்துவிட்டால், பயாஸ் அதை ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பயாஸுக்கு ஜிபிடி தெரியாமல் இருப்பதால் ஒரு நஷ்டமும் இல்லை.

இனி யூஇஎஃப்ஐ பக்கம். இது முதல் செக்டாரிலுள்ள நிரலைத் தொடுவதே இல்லை. அந்த நிரலை இயக்கக் கூடாது என்று யூஇஎஃப்ஐ விதிமுறையே சொல்கிறது. இது பார்ட்டிஷன் அட்டவணையைத் தானே படிக்கும். இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்று வகை குறிக்கப்பட்ட பார்ட்டிஷனைத் தேடும். அதற்குள் ஃபேட் கோப்பு முறையில் இருக்கும் ஒரு கோப்பை எடுத்து இயக்கும். ஆக, பயாஸ் பார்க்கும் இடத்தை யூஇஎஃப்ஐ பார்ப்பதில்லை. யூஇஎஃப்ஐ பார்க்கும் இடம் பயாஸுக்குத் தெரியாது. ஒரே வீட்டுக்குத் தெருவாசலும் கொல்லைவாசலும் இருப்பதுபோலத்தான். ஒன்றைத் திறந்து வைக்க மற்றொன்றைச் செங்கல் வைத்து அடைக்க வேண்டியதில்லை.

யூஇஎஃப்ஐக்கு ஜிபிடிதான் வேண்டும் என்பதும் சரியில்லை. எம்பிஆர் அட்டவணையில் ஈஎஃப் என்ற வகை எண்ணோடு ஒரு ஃபேட் பார்ட்டிஷன் இருந்தால் அதையும் ஏற்க வேண்டும் என்று விதிமுறையிலேயே இருக்கிறது. அதாவது வாய்பாட்டின் இரண்டு பாதிகளுமே விழுந்துவிட்டன.

டிஸ்க்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஜிபிடி போட்ட டிஸ்க்கில் 0-ஆம் செக்டார் காப்பு எம்பிஆர். ஜிபிடி தெரியாத பழைய கருவிகள் "டிஸ்க் காலியாக இருக்கிறது" என்று நினைத்து அதன் மேல் எழுதிவிடக் கூடாது என்பதற்காக, ஈஈ என்ற வகை எண்ணோடு டிஸ்க் முழுவதையும் மூடிய ஒற்றைப் பதிவு அதில் இருக்கும். 1-ஆம் செக்டாரில் ஜிபிடியின் தலைப்பு. 2 முதல் 33 வரை அட்டவணை. தலா 128 பைட்டாக 128 பார்ட்டிஷன்களுக்கு இடம். இவற்றின் நகல் டிஸ்க்கின் கடைசியிலும் உண்டு. தலைப்புக்கும் அட்டவணைக்கும் சரிபார்ப்பு எண்ணும் உண்டு. எம்பிஆரில் இந்த இரண்டு பாதுகாப்பும் கிடையாது. ஒரு செக்டார் கெட்டால் அட்டவணையே போச்சு.

பயனுக்குரிய இடம் 34-ஆம் செக்டாரில் தொடங்குகிறது. ஆனால் இன்றைய கருவிகள் எல்லாம் முதல் பார்ட்டிஷனை 2048-ஆம் செக்டாரில், அதாவது சரியாக ஒரு மெபிபைட்டில், தொடங்கி வைக்கின்றன. எஸ்எஸ்டிக்கும் 4கே டிஸ்க்குக்கும் அந்த ஒழுங்கு நல்லது. அப்படியானால் 34 முதல் 2047 வரை என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. 2014 செக்டார், 1007 கிபிபைட்டு, சும்மா கிடக்கிறது. கிரப் பூட்லோடரின் இரண்டாம் துண்டுக்கு வேண்டிய இடம் அதில் பல மடங்கு இருக்கிறது. அந்த இடத்துக்கு "பயாஸ் பூட்" என்று ஒரு பார்ட்டிஷன் வகையைக் கொடுத்துவிட்டால் போதும். கிரப் அதைத் தேடிப் பிடித்துத் தன் இரண்டாம் துண்டை அங்கே எழுதிக்கொள்ளும். முதல் துண்டு 446 பைட்டுக்குள் அடங்கி, இரண்டாம் துண்டு எந்தச் செக்டாரில் தொடங்குகிறது என்ற எண்ணை மட்டும் சுமந்துகொண்டிருக்கும். இந்த பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்யக் கூடாது, எங்கேயும் மவுன்ட் செய்யவும் கூடாது. இருக்கிறது என்பதையே மறந்துவிடலாம்.

இந்த பார்ட்டிஷன் வகைக்கான 16 பைட்டு அடையாள எண்ணை எழுத்துகளாகப் படித்தால் "ஹா! எனக்கு இஎஃப்ஐ தேவையில்லை" என்று பொருள்படும் ஆங்கில வாக்கியம் வரும். வகுத்தவர்கள் வேண்டுமென்றேதான் அப்படி அமைத்தார்கள். பயாஸ் கணினியில் ஜிபிடி டிஸ்க்கிலிருந்து பூட் ஆக முடியுமா என்ற கேள்விக்கு அதை உருவாக்கியவர்கள் அன்றைக்கே எழுதி வைத்த பதில் அது. இன்னமும் நாம் முடியாது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் இந்த வாய்பாடு எங்கிருந்து வந்தது? விண்டோஸ் நிறுவியிலிருந்து. பயாஸ் முறையில் பூட் செய்து விண்டோஸ் போட முயன்றால் ஜிபிடி டிஸ்க்கை அது மறுக்கும். யூஇஎஃப்ஐ முறையில் முயன்றால் எம்பிஆர் டிஸ்க்கை மறுக்கும். இது மைக்ரோசாஃப்ட் தன் பொருளுக்கு வகுத்துக்கொண்ட வரம்பு. எதை ஆதரிப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் உரிமை ஒரு நிறுவனத்துக்கு உண்டு. அதில் எனக்குச் சண்டையில்லை. பென்டிரைவ் தயாரிக்கும் ரூஃபஸ் போன்ற கருவிகளும் விண்டோஸுக்கு ஏற்ப, ஜிபிடியைத் தேர்ந்தால் யூஇஎஃப்ஐ என்று தாமாகவே மாற்றிவிடுகின்றன. திரையில் எந்நேரமும் அந்த இரண்டையும் ஜோடியாகவே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அது இயற்கை விதி போலத் தோன்றிவிடுகிறது. ஒரு பொருளின் வரம்பை எல்லாப் பொருள்களுக்குமான விதியாக்கிப் பாடம் நடத்துவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

நம்பாதவர்கள் தங்கள் மேசை இழுப்பறையிலேயே சாட்சி தேடலாம். டெபியன் அல்லது உபுண்டு நிறுவல் பென்டிரைவ் ஒன்று அங்கே கிடக்கும். அதே பென்டிரைவ் பழைய கணினியிலும் பூட் ஆகிறது, புதியதிலும் பூட் ஆகிறது. இரண்டுக்கும் தனித்தனி ஐஎஸ்ஓ கோப்பைப் பதிவிறக்கியதாக யாருக்காவது நினைவிருக்கிறதா? நிறுவியால் முடிகிற காரியம், அது நிறுவும் டிஸ்க்கால் முடியாமல் போக ஒரு காரணமும் இல்லை.

இன்னும் பெரிய சாட்சி கிளவுடில் இருக்கிறது. உபுண்டுவின் சற்றுப் பழைய பதிப்பு ஓடும் கிளவுட் சர்வர் ஒன்றில் நுழைந்து, டிஸ்க்கின் பார்ட்டிஷன்களைப் பட்டியலிட்டுப் பாருங்கள். எண்கள் விசித்திரமாக இருக்கும்: 1, பிறகு நேரே 14, 15. 14-ஆம் எண் 4 மெகாபைட்டு, பயாஸ் பூட். 15-ஆம் எண் 106 மெகாபைட்டு, இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன். 1-ஆம் எண்ணில் மொத்த இயங்குதளமும். எண்ணில் பின்னால் இருந்தாலும் டிஸ்க்கில் 14-உம் 15-உம்தான் முன்னால் இருக்கின்றன; அதனால் முதல் பார்ட்டிஷனுக்குப் பின்னால் எதுவுமில்லை. சர்வரின் டிஸ்க்கைப் பெரிதாக்கும்போது அது தடையில்லாமல் வளர்ந்துகொள்ளலாம். டெபியனின் கிளவுட் படிமங்களும் இதே எண்களோடு இதே அமைப்பில்தான் வருகின்றன. ஃபெடோரா 35-ஆம் பதிப்பிலிருந்து தன் கிளவுட் படிமங்களை இரண்டு வகை ஃபர்ம்வேரிலும் பூட் ஆகும்படி மாற்றிக்கொண்டது. எந்தக் கணினியில் ஓடப்போகிறோம் என்று முன்கூட்டித் தெரியாத இடத்தில் பொறியாளர்கள் வந்து சேர்ந்த முடிவு இது. சர்வீஸ் கடையில் "முடியாது" என்று சொல்லப்படுகிற அதே அமைப்பில்தான் உலகமெங்கும் சர்வர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

லினக்ஸ் கெர்னல் கோப்பைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். 2012-இல் வந்த 3.3 பதிப்பு முதல், ஒரே கெர்னல் கோப்பு இரண்டு வேடமும் போடும்படி கட்டப்படுகிறது. பழைய முறையில் ஏற்றினால் பழைய தொடக்க நிரல் இயங்கும். யூஇஎஃப்ஐ நேரடியாகத் திறந்தால் அதே கோப்பு ஓர் இஎஃப்ஐ நிரலாக இயங்கும். கெர்னல் எழுதுகிறவர்கள் இரண்டு வழியையும் திறந்தே வைத்திருக்கிறார்கள். ஒரு வழியை அடைப்பது டிஸ்க்கைப் பிரிக்கிற கைதான்.

இரண்டாவது வாதம், "பயாஸ் செத்துப்போன தொழில்நுட்பம், அதைப் பிடித்துக்கொண்டு எதற்கு அழுகிறீர்கள்?" என்பது. இதற்கு ஆதாரம் காட்டுவதும் சுலபம். பழைய பயாஸுக்கான ஒத்திசைவை 2020-க்குள் கைவிடப் போவதாக இன்டெல் 2017-இலேயே அறிவித்தது. விண்டோஸ் 11-க்கு யூஇஎஃப்ஐ கட்டாயம். புதிய கணினிகளில் பயாஸ் முறை மறைந்து வருகிறது என்பதை நானும் மறுக்கவில்லை.

ஆனால் புதிய கணினி மட்டும்தான் கணினியா? மெய்நிகர் இயந்திரங்களைப் பாருங்கள். க்யூஈஎம்யூவில் ஒன்றும் சொல்லாமல் ஓர் இயந்திரத்தைத் தொடங்கினால் அதற்குக் கிடைப்பது சீபயாஸ், அதாவது பயாஸ். பிராக்ஸ்மாக்ஸிலும் இயல்பான தேர்வு அதுதான். மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியில் முதல் தலைமுறை இயந்திரம் பயாஸ், இரண்டாம் தலைமுறை யூஇஎஃப்ஐ. ஒருமுறை உருவாக்கிவிட்டால் தலைமுறையை மாற்ற முடியாது. செத்துப்போனது என்று சொல்லப்படும் பயாஸ் மென்பொருளாக ஒவ்வொரு நாளும் புதிதாகப் பிறந்துகொண்டிருக்கிறது. ஒரு டிஸ்க் படிமத்தை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு இது தினசரித் தலைவலி. இரண்டு முறையிலும் பூட் ஆகும் டிஸ்க் அந்தத் தலைவலியை அடியோடு ஒழித்துவிடும்.

ஃபெடோராவில் 2022-இல் நடந்ததும் இதையே காட்டுகிறது. 37-ஆம் பதிப்பு முதல் பயாஸ் கணினிகளில் புதிதாக நிறுவுவதற்கான ஆதரவை விட்டுவிடலாம் என்று முன்மொழிவு வந்தது. பழைய கணினி வைத்திருப்பவர்களும் மெய்நிகர் இயந்திரம் நடத்துபவர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். முன்மொழிவு நிராகரிக்கப்பட்டது. அதே 37-ஆம் பதிப்பில், பயாஸ் கணினியில் நிறுவினாலும் இயல்பாக ஜிபிடிதான் என்று மாற்றினார்கள். பயாஸும் ஜிபிடியும் சேராது என்பவர்கள் இந்த ஒரு முடிவை விளக்கட்டும்.

நம் ஊருக்கு வருவோம். 2011-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் முதலில் வந்தவை விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் சுமந்து வந்தன. விண்டோஸ் 8-ஐ ஒட்டி யூஇஎஃப்ஐ பரவலானதற்கு முந்தைய காலத்தவை அவை. சென்னை ரிச்சி தெருவில் கைமாறும் பழைய மடிக்கணினிகளிலும் ஆபீஸ் கணினிகளிலும் அந்தக் காலத்தவை உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இவற்றை ஏற்காது. இவற்றுக்கு மிச்சமிருக்கும் வாழ்வு லினக்ஸில்தான். ஒரு பள்ளி ஆய்வகத்தில் பத்துக் கணினி நன்கொடையாக வந்தால் பத்தும் ஒரே வயதில் வருவதில்லை. அந்த இடத்தில் "இது பழசு, தனி இமேஜ்; அது புதுசு, தனி இமேஜ்" என்று பிரித்து, இரண்டு பராமரிப்பு, இரண்டு குழப்பம் என்று ஆசிரியர் தலையில் கட்டுவது நியாயமே இல்லை. ஒரு டிஸ்க்கைச் சரியாகத் தயாரித்து, அதைப் பத்திலும் நகலெடுத்தால் வேலை முடிந்தது.

மூன்றாவது எதிர்ப்பு கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களிடமிருந்து வரும்: "இரண்டையும் சேர்ப்பது ஆபத்து, டேட்டா போய்விடும்." இவர்கள் வேறொன்றை நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். அதன் பெயர் ஹைப்ரிட் எம்பிஆர். 2006-இல் இன்டெல் மேக்குகள் வந்தபோது, ஜிபிடி டிஸ்க்கில் விண்டோஸை ஓட்ட வேண்டியிருந்தது. அதற்காகக் காப்பு எம்பிஆருக்குள் உண்மையான பார்ட்டிஷன்கள் சிலவற்றின் விவரத்தையும் எழுதி வைத்தார்கள். ஒரே டிஸ்க்குக்கு இரண்டு அட்டவணை. ஒரு கருவி ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை விட்டுவிட்டால், எது உண்மை என்று யாருக்கும் தெரியாது. ஜிடிஸ்க் கருவியை எழுதிய ரோடெரிக் ஸ்மித் போன்றவர்கள் அதைப் பற்றி எச்சரித்தது முற்றிலும் சரி. நானும் அதைச் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். நான் சொல்லும் அமைப்பில் அட்டவணை ஒன்றே ஒன்று, ஜிபிடி மட்டும். காப்பு எம்பிஆர் காப்பு எம்பிஆராகவே இருக்கும். அதன் நிரல் இடத்தில் மட்டும் கிரப்பின் முதல் துண்டு இருக்கும். ஹைப்ரிட் எம்பிஆரைக் காட்டி இந்த அமைப்பைப் பற்றிப் பயமுறுத்துவது பொருந்தாது.

எதிர்ப்புகளிலேயே எடை உள்ளது நான்காவதுதான்: டிஸ்க்கில் இரண்டு கிரப் இருக்கும், யார் அவற்றைப் பராமரிப்பது? இதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். டெபியனிலும் உபுண்டுவிலும் பயாஸுக்கான கிரப்-பிசி தொகுப்பும் யூஇஎஃப்ஐக்கான கிரப்-இஎஃப்ஐ தொகுப்பும் ஒன்றையொன்று விலக்குகின்றன; இரண்டையும் ஒருசேர நிறுவ முடியாது. எது நிறுவப்பட்டிருக்கிறதோ அதை மட்டுமே புதுப்பிப்பு கவனிக்கும். மற்றது பழசாகிக்கொண்டே போகும். பழசானால் என்ன ஆகும் என்பதை 2020 ஜூலையில் பலர் பார்த்தார்கள். பூட்ஹோல் என்ற பாதுகாப்புக் குறைக்கான திருத்தம் வந்தபோது, டிஸ்க்கின் தலைப்பகுதியில் பழைய கிரப் துண்டும் கோப்புறையில் புதிய கிரப் கூறுகளுமாக நின்ற பயாஸ் கணினிகள், ஒரு குறியீட்டைக் காணவில்லை என்ற பிழையோடு கிரப்பின் மீட்புத் திரையில் போய் உட்கார்ந்துகொண்டன.

ஆனால் இதற்கு வழி இருக்கிறது, கடினமானதும் இல்லை. விலக்கிக்கொள்வது முழுத் தொகுப்புகள்தான். "பின்" என்று முடியும் அவற்றின் கூறுத் தொகுப்புகள் இரண்டும் ஒரே கணினியில் சமாதானமாக இருக்கும். கிரப்-இஎஃப்ஐ முழுத் தொகுப்போடு கிரப்-பிசி-பின் தொகுப்பையும் நிறுவிக்கொள்ளுங்கள். கிரப்-இன்ஸ்டால் கட்டளையை இரண்டு முறை ஓட்டுங்கள்: ஒருமுறை ஐ386-பிசி இலக்குக்கு, முழு டிஸ்க்கையும் சுட்டி, இன்னொரு முறை எக்ஸ்86-64-இஎஃப்ஐ இலக்குக்கு, இஎஃப்ஐ பார்ட்டிஷனைச் சுட்டி. மெனுவுக்கான அமைப்புக் கோப்பு இரண்டுக்கும் ஒன்றே; எந்த முறையில் ஓடுகிறோம் என்பதை அது தானே கேட்டுத் தெரிந்துகொள்ளும். கிரப் புதுப்பிப்பு வரும்போதெல்லாம் முதல் கட்டளையை மறுபடி ஓட்ட வேண்டும், அதை மறக்கக் கூடாது. டெபியன் தன் கிளவுட் படிமங்களுக்காக இந்த இரட்டை அமைப்புக்கென்றே தனியாக ஒரு கிரப் தொகுப்பு வைத்திருக்கிறது. அந்த வசதி சாதாரணப் பயனருக்கான நிறுவியிலும் வர வேண்டும். வரவில்லை என்பது நிறுவியின் குறை. டிஸ்க் அமைப்பின் குறை ஆகாது.

சரி, இவ்வளவும் இருந்தும் கழற்றி மாட்டிய டிஸ்க் ஏன் பூட் ஆகாமல் போகிறது? வாய்பாடு மறைக்கிற இடம் இதுதான். பார்ட்டிஷன் அமைப்பில் குற்றமே இல்லாதபோதும் அது நடக்கும். யூஇஎஃப்ஐ கணினியில் லினக்ஸ் போடும்போது, எந்தக் கோப்பைத் திறக்க வேண்டும் என்ற குறிப்பு மதர்போர்டின் நினைவில் எழுதப்படுகிறது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் அந்தக் குறிப்பு கூட வராது. டிஸ்க்கில் டெபியன் என்ற கோப்புறைக்குள் பூட்லோடர் பத்திரமாக இருக்கும். புதிய மதர்போர்டுக்கு அந்தப் பெயர் தெரியாது. இதற்கென்றே விதிமுறையில் ஒரு பொது முகவரி இருக்கிறது: இஎஃப்ஐ கோப்புறைக்குள் பூட் என்ற கோப்புறை, அதில் பூட்எக்ஸ்64 என்ற கோப்பு. குறிப்பு எதுவும் இல்லாத கணினி இதைத்தான் தேடும். கிரப்-இன்ஸ்டாலுக்கு "ரிமூவபிள்" என்ற விருப்பத்தைக் கொடுத்தால் பூட்லோடர் அந்த முகவரிக்குப் போய்விடும். செக்யூர் பூட் வைத்திருப்பவர்கள் கையொப்பமிட்ட ஷிம் கோப்பை அந்த இடத்தில் வைக்க வேண்டும்.

அடுத்த சந்தேக நபர், கெர்னலுக்குத் தொடக்கத்தில் வேண்டிய டிரைவர்களைச் சுமக்கும் இனிட்ராம்எஃப்எஸ். ஃபெடோரா வகையறாவில் அது நிறுவிய கணினியின் வன்பொருளுக்கு மட்டும் தேவையான டிரைவர்களோடு சுருக்கிக் கட்டப்படுகிறது. வேறு டிஸ்க் கன்ட்ரோலர் உள்ள கணினியில் மாட்டினால், கெர்னல் எழுந்த பிறகு தன் டிஸ்க்கையே காணாமல் தவிக்கும். அதைக் கட்டும் டிராகட் கருவியின் அமைப்பில் "ஹோஸ்ட்ஒன்லி" என்பதை அணைத்துவிட்டு மறுபடி கட்டினால் தீர்ந்தது. டெபியன் இயல்பாகவே பெரும்பாலான டிரைவர்களைச் சேர்த்துக் கட்டுகிறது. இந்த இரண்டு காரணங்களில் எதற்கும் ஃபார்மேட் தேவையில்லை. ஆனால் ஃபார்மேட் அடித்துப் புதிதாகப் போட்டால் குறிப்பும் புதிதாக எழுதப்படும், இனிட்ராம்எஃப்எஸும் புதிதாகக் கட்டப்படும். கணினி எழுந்து நிற்கும். "பார்த்தீங்களா, பார்ட்டிஷன்தான் கோளாறு" என்று வாய்பாடு இன்னும் வலுப்பெறும். அந்த டிஸ்க்கிலிருந்த குடும்பப் படங்களும் ஆய்வேட்டின் வரைவும் போனது போனதுதான். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். தேவையே இல்லாத அழிப்பு அது.

இந்த அமைப்பு எங்கும் எப்போதும் செல்லும் என்று சொல்ல மாட்டேன். விண்டோஸையும் சேர்த்து இரு முறையிலும் பூட் செய்ய முடியாது. அது தேவைப்படுகிறவர் விண்டோஸின் விதிக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும். செக்டார் அளவே 4096 பைட்டாக உள்ள டிஸ்க்குகளிலிருந்து பயாஸ் பொதுவாக பூட் ஆகாது. சில பழைய பயாஸ்கள் தங்கள் வேலையை மீறி, எம்பிஆர் அட்டவணையில் ஏதாவது ஒரு பார்ட்டிஷன் "செயலில் உள்ளது" என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கின்றன. இல்லையென்றால் பூட் செய்ய மறுக்கின்றன. பார்ட்டட் கருவியால் காப்பு எம்பிஆரின் பதிவில் அந்தக் கொடியை ஏற்றிவிட்டால் அவை அடங்கும்; ஆனால் விதிமுறைப்படி அங்கே கொடி இருக்கக் கூடாது, அதைக் கண்டால் முரண்டு பிடிக்கும் யூஇஎஃப்ஐகளும் உண்டு. அதனால் தேவைப்பட்டால் மட்டும் ஏற்றுங்கள். இன்டெல் பே டிரெயில் சிப் உள்ள சில மலிவு டேப்லெட்டுகளில் சிப் 64 பிட்டாகவும் யூஇஎஃப்ஐ 32 பிட்டாகவும் இருக்கும். அவற்றுக்கு பூட்ஐஏ32 என்ற இன்னொரு கோப்பையும் அதே கோப்புறையில் வைக்க வேண்டும். டிஸ்க் 2 டெபிபைட்டுக்கு மேல் என்றால், பழைய பயாஸ்களில் சில அந்த எல்லைக்கு அப்பால் படிக்கத் திணறும்; கெர்னல் இருக்கும் பூட் பார்ட்டிஷனைத் தனியாகப் பிரித்து டிஸ்க்கின் முன்பகுதியிலேயே வைத்துவிடுவது நல்லது. இவை எல்லாம் விதிவிலக்குகள். விதிவிலக்கைக் காட்டி வழியை மூட வேண்டியதில்லை.

லினக்ஸ் போட்டுத் தருகிற தொழிலில் இருப்பவர்களிடமும், ஆய்வகம் நடத்தும் ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த டிஸ்க்கைப் பிரிக்கும்போது, அது எந்தக் கணினிக்கு என்று பார்க்காமல் ஜிபிடி போடுங்கள். 34 முதல் 2047 வரை பயாஸ் பூட். 2048-இலிருந்து 512 மெபிபைட்டு, ஃபேட்32-இல் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன். மீதி உங்கள் விருப்பம். இரண்டு கிரப்பையும் நிறுவுங்கள், யூஇஎஃப்ஐக்கு உரியதைப் பொது முகவரியில் வையுங்கள். யாராவது டிஸ்க்கோடு வந்து நின்றால், ஃபார்மேட் என்ற வார்த்தையைச் சொல்வதற்கு முன் அந்தப் பொது முகவரியில் கோப்பு இருக்கிறதா என்று ஒருமுறை திறந்து பாருங்கள்.